ஆட்டுக்காரப் பெடியனுக்குக் கிரேக்கம் தெரிந்தால்

வாத்தியாரும் இல்லை, இலக்கணப் புத்தகமும் இல்லை. இப்படி ஒரு மொழியைப் படிக்க ஏலுமா? 1730களில் ஸ்கொட்லாந்தில் ஆடு மேய்த்த ஒரு பெடியன் படித்தான். அதுக்கு அவனுக்குக் கிடைத்த பட்டம், 'இவனுக்குப் பிசாசுதான் சொல்லிக் குடுக்குது' என்பது.

அவன் பெயர் ஜோன் பிரவுண். 1722இல் அபர்நெதிக்குப் பக்கத்தில் கார்ப்போ என்ற சின்ன ஊரில் பிறந்தான். தகப்பன் நெசவாளி, கோடை காலத்தில் டே ஆற்றில் சல்மன் மீன் பிடிக்கப் போவார். பள்ளிக்கூடப் படிப்பு கொஞ்ச நாள்தான். பதினொரு வயதளவில் தகப்பன் செத்துப்போனார், கொஞ்சக் காலத்தில் தாயும் போய்ச் சேர்ந்தார். பிறகு ஜோன் ஓகில்வி என்ற வயதானவரின் ஆடுகளை மேய்க்கப் போனான். ஓகில்விக்கு வாசிக்கத் தெரியாது. பெடியன் வாசிப்பான், கிழவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

லத்தீனில் அவனுக்குக் கொஞ்சம் பழக்கம் இருந்தது. ஆனா புதிய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி கிரேக்கம். அதை அந்த மொழியிலேயே வாசிக்க வேணும் என்று ஆசை, எழுத்துக்கூடத் தெரியாது. மத்தேயுவிலும் லூக்காவிலும் இயேசுவின் வம்ச வரலாறு வரும். வெறும் பெயர்கள், எங்களில் கனபேர் தாண்டிப் போகிற பகுதி. அவன் அங்கேதான் தொடங்கினான். ஆபிரகாம், ஈசாக்கு, தாவீது போன்ற பெயர்கள் எந்த மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் ஒலிக்கும். ஆங்கிலப் பெயரையும் கிரேக்கப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த எழுத்துக்கு என்ன ஒலி என்று பிடித்தான். பிறகு சின்னச் சொற்கள், சொல்லின் முடிவுகள் என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினான்.

1738இல், பதினாறு வயதில், சொந்தமாக ஒரு கிரேக்கப் புதிய ஏற்பாடு வாங்க நினைத்தான். ஆடுகளைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, இருபத்துநாலு மைல் நடந்து சென் அன்ட்ரூஸ் நகரத்துப் புத்தகக் கடைக்குப் போனான். அங்கே நின்ற ஒரு பேராசிரியர், 'இதை நீ வாசித்துக் காட்டினால் சும்மாவே தாறன்' என்றாராம். பெடியன் வாசித்தான். புத்தகத்தோடு திரும்பி நடந்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனா ஊரில் வேறு மாதிரிப் போனது. போதகராக வரப் படித்துக்கொண்டிருந்த சிலருக்கு, தாங்கள் வாத்தியார் வைத்துக் கஷ்டப்பட்டுப் படிக்கிற மொழி ஒரு இடையனுக்கு எப்படி வந்தது என்று விளங்கவில்லை. சூனியம் என்ற பேச்சு கிளம்பியது. ஊர்ப் போதகர் அலெக்ஸாண்டர் மொன்கிரீஃப்பும் அதை நம்பினார். சூனியத்துக்குத் தண்டனை குடுக்கும் சட்டம் 1736இலேயே நீக்கப்பட்டிருந்தது. அதால உயிருக்கு ஆபத்தில்லை. ஆனா கெட்ட பெயர் வருஷக்கணக்காகத் தொடர்ந்தது.

இதில எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கிரேக்கம் தெரிந்தால் அது படிப்பு. ஆட்டுக்காரனுக்குத் தெரிந்தால் அது சூனியம். மொழி ஒன்றுதான், தெரிந்த ஆள்தான் வேறு.

பிரவுண் ஊரூராகச் சாமான் விற்றார். 1745 கலகத்தில் எடின்பரோ கோட்டைக் காவலில் நின்றார். பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தார். பிறகு இறையியல் படித்து, 1751இல் ஹடிங்டன் ஊரின் போதகரானார். ஸ்கொட்லாந்துத் திருச்சபையில் இருந்து 1733இல் பிரிந்துபோன சபை அவருடையது. சபைக்குப் போதகரை நிலச்சொந்தக்காரர்கள் நியமிக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் முக்கியமான வாதங்களில் ஒன்று. பின்னாளில் அந்தச் சபையின் இறையியல் பேராசிரியரும் அவர்தான். சூனியக்காரன் என்று பேர் எடுத்தவரிடம் வருங்காலப் போதகர்கள் வந்து படித்தார்கள்.

1778இல் வந்த அவருடைய 'தன்னைத் தானே விளக்கும் வேதாகமம்' பக்க ஓரத்தில் ஒப்புநோக்கும் வசனங்களையும், விளக்கக் குறிப்புகளையும் கொண்டது. பக்கத்தில் வாத்தியார் இல்லாதவனும் தனியாக இருந்து வாசிக்கலாம். கல்லூரிக்குப் போகாத கனபேரின் வீடுகளுக்கு அது போனது. அமெரிக்காவிலும் அச்சானது. ஆட்டுப்பட்டியில் தனக்குக் கிடைக்காததைத்தான் அவர் மற்ற ஆட்களுக்குச் செய்து குடுத்தார் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் அவரை முழு வீரனாக்க எனக்கு மனம் வரவில்லை. கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களைத் தளர்த்தலாமா என்ற பேச்சு வந்தபோது, 1779இல் எடின்பரோவில் கத்தோலிக்க வழிபாட்டிடத்தைக் கும்பல் எரித்தது. அடுத்த வருஷம் பிரவுண் ஒரு நூல் எழுதினார். பிழையான மதங்களுக்கு அரசு இடம் குடுப்பது மடத்தனம் என்பதுதான் அதன் வாதம். ஒரு காலத்தில் ஊரே சந்தேகித்த மனுசன், அடுத்தவனைச் சந்தேகிக்கச் சொல்லிப் புத்தகம் போட்டார்.

1787இல் ஹடிங்டனில் இறந்தார். அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சென் அன்ட்ரூஸ் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1780ஆம் ஆண்டு நூலையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும். அவமானப்பட்டவன் அடுத்தவனின் அவமானத்தைத் தானாகவே விளங்கிக்கொள்வான் என்று நாங்கள் நம்புகிறோம். அது தானாக வாறதில்லை, கிரேக்கத்தைப் போல எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேணும்.