லூக்காவின் விதவையும் ரிச்மண்டின் வங்கியும்

கறுப்பின வரலாற்று வாரம் தொடங்கி நூறாண்டு நிறைவதை ஒட்டி வெளிவரும் இம்மலருக்குக் கல்வி, இளையோர், வணிகம் என்னும் மூன்றையும் தழுவி ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டனர். கேட்டவர்கள் வயதில் எனக்கு இளையவர்கள்; அவர்கள் எடுத்துக்கொண்ட பணியின் பெருமை கருதி அதைக் கட்டளையாகவே ஏற்றேன். லிங்கன், ஃபிரெடரிக் டக்ளஸ், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரை இம்மலரின் வாசகர்கள் நன்கறிவர். ஆதலால் அவர்களை வணங்கி விடைபெற்று, வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் துணி வெளுத்துப் பிழைத்த ஒரு தாயின் மகளைப் பற்றி எழுதுகிறேன். மேகி லீனா வாக்கர் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் வங்கி ஒன்றை நிறுவி அதன் தலைவராகவும் அமர்ந்த முதல் பெண் அவரே.

அவர் நடத்திய வங்கி நற்செய்தியாளர் லூக்காவின் பெயரைத் தாங்கியிருந்தது. லூக்காவின் இருபத்தொன்றாம் அதிகாரம் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையோடு தொடங்குவது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதிகாரப் பிரிவுகள் லூக்கா இட்டவை அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பேராயர் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை என்பது மரபு. அந்தக் கோட்டை அழித்துவிட்டு இருபதாம் அதிகாரத்தின் கடைசியிலிருந்து ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். விதவை உள்ளே வருவதற்குச் சற்று முன்புதான், பக்தியின் போர்வையில் விதவைகளின் வீட்டையே தின்று தீர்க்கும் வேதபாரகர்களை ஆண்டவர் எச்சரித்து முடித்திருக்கிறார். ஆகவே அந்த இரண்டு காசின் கதை கொடுத்தவளின் கதை மட்டும் அன்று. அதைத் தின்னக் காத்திருந்தவர்களின் கதையும் அதனோடு சேர்ந்தே நிற்கிறது. பிரசங்கங்களில் நாம் முதல் பாதியை விட்டுவிடுகிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பொருளாதார வரலாற்றைப் படிக்கும்போது இரண்டு பாதியும் எனக்கு விளங்கின.

முதலில், தின்றவர்களின் கதை. 1865ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், விடுதலை பெற்ற அடிமைகளுக்கான சேமிப்பு வங்கிக்கு அமெரிக்கக் காங்கிரஸ் சாசனம் வழங்கியது, லிங்கன் கையொப்பமிட்டார். படைவீரர்களும் வயற்கூலிகளும் சமையற்காரிகளும் சங்கங்களும் சபைகளும் அதில் பணம் போட்டனர். அரசாங்கமே இதற்குப் பொறுப்பு என்று அவர்கள் நம்பினர்; அவ்வாறு நம்பும்படியே அவர்களிடம் பேசப்பட்டது. 1870இல் சாசனத்தைத் திருத்தி, நிலத்தின்மேல் கடன் கொடுக்கவும் வழி செய்தார்கள். நிதிக் குழுவின் தலைவராக இருந்தவர் ஹென்றி குக். அந்நாளின் பெரும் நிதியாளர் ஜே குக்கின் தம்பி அவர். ஏழைகளின் சேமிப்பு குக் சகோதரர்களுக்கு வேண்டியவர்களின் தொழில்களுக்குக் கடனாகப் போயிற்று. 1873இல் ஜே குக்கின் நிறுவனம் சரிந்து நாடே நெருக்கடியில் வீழ்ந்தது. மறுஆண்டு மார்ச்சில் டக்ளசைத் தலைவராக அமர்த்தினார்கள். அவர் தம் சொந்தப் பணம் 10,000 டாலரை அதில் இட்டும் பயனில்லை. ஜூன் மாதத்தில் வங்கி மூடப்பட்டது. அப்போது 61,000க்கும் மேற்பட்டவர்களின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் அதற்குள் இருந்தது. பலர் அதில் ஒரு காசும் திரும்பப் பெறவில்லை.

அந்த வங்கிக்கு ரிச்மண்டிலும் ஒரு கிளை இருந்தது. மேகிக்கு அப்போது வயது ஏறத்தாழப் பத்து.

இரண்டு ஆண்டு கழித்து அவருடைய மாற்றாந்தந்தை வில்லியம் மிட்செல் ஜேம்ஸ் ஆற்றில் பிணமாக மிதந்தார். ஓட்டலில் பரிசாரகராக இருந்தவர் அவர். தற்கொலை என்று எழுதி முடித்தார்கள். குடும்பம் அதை நம்பவில்லை. முன்பு அடிமையாக இருந்த தாய் எலிசபெத் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வாங்கி வெளுத்துத் தந்து பிள்ளைகளை வளர்த்தார். கூடையைச் சுமந்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் மேகி. தாம் பிறந்தபோது வெள்ளிக் கரண்டி வாயில் இல்லை, சலவைக் கூடைதான் தலையில் இருந்தது என்று பிற்காலத்தில் மேடையில் சொன்னார். வெட்கத்தோடு சொல்லவில்லை.

பத்து மாணவர்கள்

கறுப்பின மக்களின் கல்வி வேட்கையை அறிய, வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் 1915இல் வெளியிட்ட, 1861க்கு முந்திய நீக்ரோ கல்வியைப் பற்றிய நூலைப் போல் வேறொன்று இல்லை. நான் மீண்டும் மீண்டும் எடுத்துப் படிப்பது அது. நாட் டர்னர் தலைமையில் அடிமைகளின் கிளர்ச்சி நடந்த 1831ஆம் ஆண்டிலேயே வர்ஜீனியாவில், கறுப்பின மக்களை ஒன்றுகூட்டி எழுத்தறிவிப்பது குற்றமாக்கப்பட்டது. முப்பது ஆண்டு கழித்து, உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல், அதே மாநிலத்து ஹாம்ப்டனில் மேரி பீக் என்னும் பெண்மணி ஒரு கருவாலி மரத்தடியில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களுக்குப் பாடம் சொன்னார். அந்த மரம் இன்றும் நிற்கிறது.

அந்தத் தாகத்தின் வாரிசாகவே மேகி ரிச்மண்டின் கறுப்பின ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தார். 1883இல் அவருடைய வகுப்பில் தேறியவர்கள் பத்துப் பேர். வெள்ளை மாணவர்களின் பட்டமளிப்பு நகரத்து நாடக அரங்கில் நடக்கும். கறுப்பின மாணவர்களுக்கோ ஒரு தேவாலயம். எங்கள் பெற்றோரும் வரி கட்டுகிறார்கள், எங்களுக்கும் அதே அரங்கு வேண்டும் என்று அந்தப் பத்துப் பேரும் நின்றனர். அரங்கு தருகிறோம், ஆனால் உங்கள் ஆட்கள் தனியே உட்கார வேண்டும் என்று பதில் வந்தது. அதையும் மறுத்து, தங்கள் பள்ளி மண்டபத்திலேயே விழா நடத்திக்கொண்டார்கள். அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் முதல் பள்ளி வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வோர் உண்டு. இளையோர் தலைமை என்றதும் 1960 பிப்ரவரி 1இல் கிரீன்ஸ்பரோ உணவுக் கூடத்தில் எழுந்திருக்க மறுத்து உட்கார்ந்த நான்கு கல்லூரி மாணவர்களையே நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு எழுபத்தேழு ஆண்டு மூத்தவர்கள் இந்தப் பத்துப் பேர். இம்மலரில் அவர்களுக்கு ஒரு வணக்கம் கிடைப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மேகி மூன்று ஆண்டு ஆசிரியராக இருந்தார். 1886இல் மணம் முடித்ததும் பணியை விட்டார். மணமான பெண் கற்பிக்கலாகாது என்பது அந்நாளைய விதி.

31 சென்ட்

நோயுற்றோரைப் பேணவும் இறந்தோரைக் கண்ணியமாக அடக்கம் செய்யவும் மேரி பிரவுட் என்பவர் 1867இல் பால்ட்டிமோரில் தொடங்கியது செயின்ட் லூக் சங்கம். மேகி பதினான்கு வயதில் அதில் சேர்ந்தார். 1895இல் பிள்ளைகளுக்கென்று சங்கத்தில் ஒரு தனிப் பிரிவை அமைத்தார். சிக்கனத்தையும் சுத்தத்தையும் இனப்பற்றையும் அங்கே பிள்ளைகள் கற்றனர். வங்கி தொடங்குவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பிரிவு பிறந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். சேமிக்கும் தலைமுறையை முதலில் உண்டாக்கினார். சேமிப்பை வைக்கும் இடம் பின்னால் வந்தது.

1899இல் அவர் சங்கத்தின் செயலாளரானபோது கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கடன் அதைவிட அதிகம். இரண்டே ஆண்டில், 1901ஆம் ஆண்டு மாநாட்டில், நமக்கொரு செய்தித்தாள் வேண்டும், வங்கி வேண்டும், கடை வேண்டும் என்று எழுந்து பேசினார். செய்தித்தாள் 1902இல் வந்தது. வங்கித் தொழிலைக் கற்க, ஒரு வெள்ளையர் வங்கியில் மாதக்கணக்கில் நாள்தோறும் சில மணி நேரம் போய் உட்கார்ந்தார். 1903 நவம்பர் 2ஆம் நாள் செயின்ட் லூக் பென்னி சேவிங்ஸ் வங்கி திறக்கப்பட்டது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 280 பேர் கணக்குத் தொடங்கினர். வைப்பும் பங்குமாக 9,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அன்று கணக்குத் தொடங்கியவர்களில் ஒருவர் கொண்டுவந்தது 31 சென்ட்.

அந்த 31 சென்டையே நான் லூக்காவின் இரண்டு காசோடு சேர்த்து வைக்கிறேன். 1874இல் ஏமாந்த தலைமுறை அந்நகரில் இன்னும் உயிரோடு இருந்தது. பெற்றோரின் சேமிப்பு மறைந்துபோனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் மறுபடியும் காசை முடிந்து கொண்டுவந்தார்கள். இம்முறை பெட்டியின் சாவி அவர்களில் ஒருத்தியின் கையில் இருந்தது. வங்கியின் இயக்குநர் குழுவிலும் பெண்கள் அமர்ந்தனர். சலவைத் தொட்டியும் சமையலறையும் அன்றி வேறு வேலை கிடைக்காத இளம்பெண்கள் சங்கத்து அலுவலகத்தில் கணக்கெழுதவும் தட்டச்சு செய்யவும் பயின்றனர். பிள்ளைகளுக்குச் சிறு உண்டியல்கள் தரப்பட்டன. 1920 வாக்கில் சுமார் 600 குடும்பங்கள் அந்த வங்கிக் கடனால் சொந்த வீடு வாங்கியிருந்தன. விதவைகளின் வீட்டை விழுங்கியவர்களின் காலம் போய், வீடு கொடுக்கும் வங்கி வந்தது!

இங்கே நெகேமியாவின் மூன்றாம் அதிகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலரும் தாண்டிப்போகும் பகுதி அது. இடிந்த எருசலேம் மதிலை யார் யார் எந்தப் பங்கு கட்டினார்கள் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. பொற்கொல்லர் கட்டினர், தைலக்காரர் கட்டினர், வணிகர் கட்டினர், பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டினர். பன்னிரண்டாம் வசனத்தில் சல்லூம் என்பவன் தன் மகள்மாரோடு வந்து கட்டுகிறான். ரிச்மண்டின் அந்தச் சங்கக் குறிப்பேடுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் சல்லூமின் மகள்மாரே என் நினைவுக்கு வருகிறார்கள். நம் வள்ளுவரும் கல்வி அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார்; பொருள்செயல்வகையும் அதே பாலில் இருக்கிறது. கற்பதும் ஈட்டுவதும் அவருக்கு ஒரே வீட்டின் காரியங்கள். மேகி வாக்கர் குறளை அறிந்தவர் அல்லர். ஆயினும் அந்த வைப்புமுறையின் பொருள் அவர் வாழ்வில் எனக்குத் தெளிவாகிறது.

எல்லாம் கைகூடிவிடவில்லை. 1905இல் நகரின் பெருவீதியான பிராட் வீதியில் சங்கம் ஒரு பலசரக்கு, துணிக் கடையைத் திறந்தது. வெள்ளை வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து மொத்த வியாபாரிகள் சரக்குத் தராதபடி நெருக்கினர். நம் மக்களிலும் பலர் பழைய கடைகளுக்கே போனார்கள் என்று மேகி மனம் நொந்து பேசியிருக்கிறார். ஆறேழு ஆண்டில் கடை மூடப்பட்டது. 1910இல் அந்நகரிலேயே மூத்த கறுப்பின வங்கியான ட்ரூ ரிஃபார்மர்ஸ் வங்கியும் விழுந்தது. செயின்ட் லூக் வங்கி தாங்கி நின்றது. 1930இல், பெருமந்தத்தின் நடுவே, பிற கறுப்பின வங்கிகளோடு இணைந்து புதுப்பெயர் பெற்றது; அப்போது சக்கர நாற்காலியில் இருந்த மேகி அதன் இயக்குநர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1934 டிசம்பர் 15இல் மறைந்தார். 31 டாலரோடு அவர் கைக்கு வந்த சங்கம் 1920களில் ஐம்பதாயிரம் உறுப்பினர் அளவுக்கு வளர்ந்திருந்தது.

வுட்சனின் வாரம்

நூற்றாண்டு கொண்டாடும் வாரத்தைத் தந்த வுட்சனும் வர்ஜீனியா மண்ணின் மைந்தர். முன்பு அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1875இல் பிறந்தவர். இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்னும் சுரங்கத் தொழிலாளி தம் வீட்டில் சிறு தேநீர்க் கடை வைத்திருந்தார். அவர் உள்நாட்டுப் போரில் போரிட்டவர், எழுத்தறியாதவர், ஆனால் கறுப்பின மக்களின் நூல்களையும் நாளிதழ்களையும் வாங்கி வைத்திருந்தார். மாலைதோறும் வுட்சன் உரக்கப் படிக்க, தொழிலாளர்கள் சூழ்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். போர்க்கள நினைவுகளை அவரிடம் சொன்னார்கள். இருபது வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர் 1912இல் ஹார்வர்டில் முனைவரானார். ஆனால் வரலாறு அவருக்கு முதலில் கிடைத்த இடம் அந்தத் தேநீர்க் கடைதான் என்றே நான் கருதுகிறேன்.

1915இல் சிகாகோவில் வரலாற்றுச் சங்கம், 1916இல் ஆய்விதழ், 1926 பிப்ரவரியில் வரலாற்று வாரம். லிங்கன், டக்ளஸ் இருவரின் பிறந்த நாட்களும் விழும் வாரம் அது. 1930களில் பெரிய அறக்கட்டளைகள் கைவிட்டபோது, பள்ளி ஆசிரியர்களும் சபைகளும் அனுப்பிய சிறு தொகைகளால் சங்கம் பிழைத்தது. அவரோடு சேர்ந்து சங்கத்துக்குத் தலைமை ஏற்ற மேரி மெக்லியாட் பெத்யூனும் 1904இல் ஒன்றரை டாலரோடும் ஐந்து பெண் பிள்ளைகளோடும் டேட்டோனாவில் பள்ளி தொடங்கியவர்; சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் சுட்டு விற்றுப் பள்ளியை நடத்தியவர். 1929இல் கறுப்பின வணிகரைப் பற்றிய ஆய்வு நூலொன்றையும் வுட்சன் தம் நண்பர்களோடு எழுதி வெளியிட்டார். அரசர்களையும் போர்களையும் எழுதும் வரலாற்றில் கடைக்காரருக்கும் இடம் தந்த அந்த உள்ளத்தைப் போற்றுகிறேன்.

யோர்தானைக் கடந்தபின் யோசுவா பன்னிரண்டு கல் எடுக்கச் சொன்னதை அறிவோம். பின்னாளில் பிள்ளைகள் இந்தக் கல் ஏன் என்று கேட்பார்கள், அப்போது சொல்ல வேண்டும் என்பதே காரணம். கல்லை ஆசாரியர்கள் சுமக்கவில்லை. கோத்திரத்துக்கு ஒருவராகச் சாதாரண மனிதர்கள் தோளில் சுமந்தார்கள். வுட்சனின் சங்கம் பிழைத்ததும் அப்படிப்பட்ட தோள்களில்தான்.

இதைப் படிக்கும் இளையோரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சபையிலும் சங்கத்திலும் பழைய வரவுசெலவு நோட்டுகளும் கூட்டக் குறிப்பேடுகளும் எங்கோ பெட்டியில் செல்லரித்துக் கிடக்கும். அவற்றை எடுத்துத் தூசி தட்டுங்கள். யார் எத்தனை ரூபாய் தந்தார், அதில் எந்தப் பிள்ளை படித்தது, எந்தக் கடை தொடங்கியது என்று பெரியவர்களிடம் கேட்டு, ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். எழுத்தறியாத ஒருவர் சொன்னாலும் ஆலிவர் ஜோன்சை நினைத்து அமர்ந்து கேளுங்கள். அடுத்த பிப்ரவரிக்குள் எழுதியதை மலர்க் குழுவிடம் ஒப்படையுங்கள். அடுத்த மலரின் முதல் பக்கங்களை என்னைப் போன்றவர்களுக்குத் தராமல் அதற்கே ஒதுக்கும்படி நானே அவர்களிடம் வேண்டிக்கொள்கிறேன்.