கிம்ப்: ஒரு படத்தொகுப்பு மென்பொருள் இட்ட அடித்தளம்

கிம்ப் பற்றிய பேச்சு பெரும்பாலும், அது ஃபோட்டோஷாப்புக்கு ஈடாகுமா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. கணினி வரலாற்றில் அதற்குள்ள இடத்தை அறிய அந்த ஒப்பீடு போதாது.

1995-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் இம்மென்பொருளை எழுதத் தொடங்கினர். 1996-இல் முதல் பொதுப் பதிப்பு வெளிவந்தது. லினக்ஸின் சின்னமான டக்ஸ் என்னும் பென்குயினை லாரி யூயிங் அவ்வாண்டிலேயே கிம்ப்பைக் கொண்டு வரைந்தார்.

எனினும் அப்பதிப்பில் ஒரு முரண் இருந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் திரையில் சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்க அது சார்ந்திருந்த மோட்டிஃப் என்னும் கருவித்தொகுப்போ விலைகொடுத்து உரிமம் பெறவேண்டியது. அது கைவசம் இல்லாதவர் நிரலைத் திருத்தினாலும் தொகுத்து இயக்க இயலாது. உரிமை ஏட்டில் இருந்தது, கைக்கு எட்டவில்லை.

இத்தடையை நீக்க மேட்டிஸ் ஒரு கருவித்தொகுப்பைத் தாமே எழுதினார். கிம்ப்புக்கென உருவானதால் அது ஜிடிகே எனப் பெயர்பெற்றது. 1997-இல் மிகேல் தே இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் க்னோம் என்னும் மேசைத்தளத் திட்டத்தைத் தொடங்கியபோது ஜிடிகேயையே அடித்தளமாகக் கொண்டனர். அப்போது கேடிஈ மேசைத்தளம் சார்ந்திருந்த க்யூட்டி, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கவில்லை என்பதே இதன் பின்னணி. ஒரு படத்தொகுப்பு மென்பொருளின் உட்தேவைக்காகப் பிறந்த கருவி, லினக்ஸ் மேசைத்தளங்கள் பலவற்றைத் தாங்கும் தூணாயிற்று.

இதற்கிடையில் ஆசிரியர் இருவரும் படிப்பை முடித்து விலகினர், பணி தேங்கியது. பிற தன்னார்வலர்கள் அதைக் கையேற்றதனாலேயே 1998 ஜூனில் 1.0 பதிப்பு வெளிவர முடிந்தது. திறந்த உரிமம் அவர்களுக்கு வழிவிட்டது. உழைப்பை அவர்களே தரவேண்டியிருந்தது. அவ்வுழைப்பு அருகியபோது விளைந்த தாமதமும் இவ்வரலாற்றின் பகுதியே. மூலப்படத்தைச் சிதைக்காமல் திருத்த வழிசெய்யும் ஜெகல் என்னும் உட்பொறியின் பணி 2000-இல் தொடங்கியது. விளைவுகளை அவ்வாறு இடும் வசதி 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் பயனர்களை எட்டியது.

ஆகவே ஒரு மென்பொருள் கட்டற்றதா என ஆராய்வோர் அதன் உரிமத்தை மட்டும் படித்து அமையலாகாது. அது எதன்மேல் நிற்கிறது, அதை யார் தொடர்ந்து பேணுகிறார்கள் என்னும் இரு வினாக்களையும் எழுப்ப வேண்டும். நம் ஆய்வுத் தரவுகளை ஒப்படைக்கும் மென்பொருள்களுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.