கோல் கம்பத்தடியில் நிற்பவன்: ‘ஓலா போலா’, ‘ஜகாட்’ குறித்து ஒரு வர்க்க வாசிப்பு

விளையாட்டுப் படம் ஒன்றின் வர்க்க உணர்வை அறிய, அதில் கிடைக்கும் வெற்றி யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்று பார்த்தால் போதும். டோனி ரிச்சர்ட்சன் 1962இல் எடுத்த ‘தி லோன்லினெஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்’ இந்தக் கேள்வியை உச்சக் காட்சியிலேயே எழுப்பியது. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட நாட்டிங்ஹாம் தொழிலாளி மகன் கோலின் ஸ்மித், எல்லாரையும் முந்தி வந்து முடிவுக்கோட்டுக்குச் சற்று முன் நின்றுவிடுகிறான். கோப்பை வந்தால் பெருமை பள்ளித் தலைவருக்கு. அது அவனுக்குத் தெரியும். கென் லோச்சின் ‘கெஸ்’ (1969) இன்னும் கூர்மையானது. பார்ன்ஸ்லி சுரங்க வட்டாரத்துச் சிறுவன் பில்லியிடம் விளையாட்டு உடை இல்லை. தொளதொளத்த கால்சட்டையோடு அவனைக் கோல் காக்க நிறுத்துகிறார்கள். பந்தை விட்டதற்கு ஆசிரியர் தரும் தண்டனை, பச்சைத் தண்ணீர்க் குளியல்.

வசதியில்லாத பையனைக் கோல் கம்பத்தடியில் நிறுத்துவது நம் பள்ளித் திடல்களுக்கும் பழகிய காட்சிதான். சியூ கெங் குவான் இயக்கி 2016 ஜனவரியில் வெளிவந்த ‘ஓலா போலா’விலும் தமிழ் இளைஞன் கோல் காவலனாகவே வருகிறான். இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்ற மலேசியக் குழுவின் கோல் காவலர் ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம். படத்தின் முத்துவுக்குப் பின்னால் அவருடைய நிழல் விழுகிறது. 1988இல் சாலை விபத்தில் மறைந்த அந்த மனிதரை, அவர் ஆட்டத்தைப் பார்த்திராத ஒரு தலைமுறைக்கு இந்தப் படம் நினைவூட்டியது. வெகுசனப் படமொன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் வீட்டுக்குள் தமிழிலேயே பேசியதும் சிறிய செய்தியல்ல. இவற்றை மறுத்துவிட்டு விமர்சனம் எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் முத்துவின் ஏழ்மைக்குப் படம் என்ன செய்கிறது? தேங்காயை நம்பிப் பிழைக்கும் வீடு அது. பந்தாட்டத்தால் பிழைப்பு கெடுகிறதே என்று அப்பாவுக்குக் கவலை. கதை அந்தக் கவலையைத் தகப்பன்-மகன் பிணக்காக மட்டுமே எடுத்துக்கொண்டு, பாசத்தால் தீர்த்துவைக்கிறது. கூலி என்ன, நிலம் யாருடையது என்ற பேச்சே எழவில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று குழுவில் இருக்கை பிரித்தபோது, முத்துவுக்குக் கிடைத்தது இனத்தின் இருக்கை. அதில் உட்கார்ந்தவுடன் அவனுடைய வர்க்கம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வெற்றி முழுவதும் நாட்டின் கணக்கில் ஏறுகிறது.

‘ஓலா போலா’வுக்கு ஒரு மாதம் முன்புதான், 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ திரைக்கு வந்திருந்தது. அதில் கோப்பையும் இல்லை, போட்டியும் இல்லை. ஆயினும் மேலே சொன்ன பிரிட்டிஷ் மரபுக்கு அதுவே நெருங்கிய உறவு என்பது என் வாதம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பத்தில், பன்னிரண்டு வயது அப்போய் வளர்கிறான். படி, படி என்று அடிக்கும் அப்பா மணியம். குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா. பையனின் கற்பனையை ஒழுங்கீனமாகப் பார்க்கும் பள்ளிக்கூடம். கெட்டவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லை நம் வாய் திருத்திக்கொண்ட வடிவம்தான் படத்தின் பெயர். பில்லிக்காவது வளர்க்க ஒரு வல்லூறு இருந்தது. அப்போய்க்கு அதுவும் இல்லை. அவன் எப்படி ‘ஜகாட்’ ஆக்கப்படுகிறான் என்பதைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது; அவனைத் திருத்த ஒரு பயிற்றுநரையும் அனுப்பவில்லை.

இரு படங்களும் 2016 மலேசியத் திரைப்பட விழாவில் ஒரே சிக்கலில் மாட்டின. தேசிய மொழியில் அமையாதவை என்று தனிப் பிரிவில் வைக்கப்பட்டன. திரைத்துறையினரின் எதிர்ப்புக்குப் பிறகு விதி மாறியது. சிறந்த மலேசியப் படம் என்ற விருது ‘ஜகாட்’டுக்குப் போனது. இன ஒற்றுமையைப் பாடிய படத்துக்கே மொழி வேலி போடப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பினாங்குத் தண்ணீர்மலைக் கோவிலின் 513 படிகளில் விடியற்காலையில் மூச்சிரைக்க ஓடி ஏறும் பையன்களைப் பார்க்கும்போது, இவ்விரண்டு படங்களுக்கும் நடுவில் எடுக்கப்பட வேண்டிய மூன்றாவது படம் நினைவுக்கு வருகிறது: அப்போய் பந்தாடும் படம்.

அதற்கான கதைமுடிவை வரலாறே எழுதி வைத்திருக்கிறது. கோலின் ஸ்மித் தானாக நின்றான். 1980இல் நம் ஆட்டக்காரர்களை நிறுத்தியது அரசு. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. ‘ஓலா போலா’ தன் உச்சத்தைக் கொரியாவுக்கு எதிரான வெற்றியில் வைத்துக்கொண்டது. மாஸ்கோவில் மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது.