வேர்ஜினியாவின் ஆரம்பக் குடியேற்றமும் உழைப்புப் பிரச்சினையும்

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் நிறுவிய ஆரம்பக் குடியேற்றங்களின் வரலாறு, சுதந்திரம் நாடிக் கடல் கடந்தோரின் வரலாறாகவே பெரிதும் எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. 1620 ஆம் ஆண்டிற் பிளிமத்தில் நிலைகொண்ட சமயப் பிரிவினரைப் பொறுத்தவரை இக்கருத்து ஓரளவு பொருந்தலாம். ஆயின், அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முந்திய யேம்ஸ்ரவுண் குடியேற்றமோ, இலாபம் கருதி வணிகர் மேற்கொண்ட முயற்சியாகும். அங்கு நிலம் ஏராளமாகத் தோன்றியது. உழைப்பார் தொகையோ மிகக் குறைவு. இக்குறையை நீக்கக் கைக்கொள்ளப்பட்ட வழிகளே அச்சமுதாயத்தின் அமைப்பை நிர்ணயித்தன எனலாம்.

1606 இல் முதலாம் ஜேம்ஸ் மன்னனிடம் பட்டயம் பெற்ற வேர்ஜினியாக் கம்பனி, 1607 மே மாதத்தில் ஆடவரும் சிறுவருமாக 104 பேரைக் குடியமர்த்தியது. அவர்களுட் கணிசமானோர் உடலுழைப்பறியாத மேன்மக்கள். பொன் தேடுவதிற் காட்டிய ஆர்வத்தை அவர்கள் பயிர்ச்செய்கையிற் காட்டவில்லை. சதுப்பு நிலமும் உவர்கலந்த நீரும் நோயை விளைவித்தன. 1608 ஜனவரியில் எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 38 பேரே. பவ்ஹற்றன் என்னும் பெருந்தலைவனின் ஆட்சிக்குட்பட்ட சுதேச மக்கள் அளித்த சோளமே இவர்களைக் காத்தது. உழையாதார்க்கு உணவில்லை என ஜோன் ஸ்மித் 1608 இல் விதித்த கட்டளை, பிரச்சினையின் அடிப்படையைத் தெளிவாக உணர்த்துகின்றது.

ஸ்மித் இங்கிலாந்து திரும்பியபின், 1609–10 மாரியிற் சுதேசிகளின் முற்றுகையும் பஞ்சமும் ஒருங்கே தாக்கின. கோட்டையினுள் உயிர் தப்பியோர் 60 பேரளவினரே. பசிக்கொடுமையால் மனித உடலையும் உண்டனர் எனப் பழைய குறிப்புகள் கூறியவற்றை, 2012 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட பதினான்கு வயதுச் சிறுமியொருத்தியின் எலும்புகளிற் காணப்பட்ட வெட்டுத் தழும்புகள் உறுதிப்படுத்தின.

குடியேற்றத்தை நிலைநிறுத்தியது புகையிலையே. 1612 அளவில் ஜோன் ரோல்ப் மேற்கிந்திய வித்தைப் பயிரிட்டு வெற்றி கண்டபின், தெருக்களிலுங்கூடப் புகையிலை நடப்பட்டது. ஆனால் அப்பயிர் சில ஆண்டுகளில் மண்ணின் வளத்தை உறிஞ்சிவிடும். நாற்று நடுதல், நுனி முறித்தல், புழுப் பொறுக்கல், இலை உலர்த்தல் என ஆண்டு முழுவதும் கையுழைப்பை வேண்டி நிற்கும். எனவே நிலப்பசியும் ஆட்பசியும் ஒருங்கு வளர்ந்தன. நிலப்பசி சுதேசிகளை அவர்தம் வயல்களினின்று அகற்றியது. 1622 இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து 347 குடியேறிகளைக் கொன்றனர். ஆட்பசியைத் தணிக்கக் கம்பனி 1618 இல் ஒரு முறையை வகுத்தது. இதன்படி, ஓர் ஆளின் பயணச் செலவைப் பொறுப்பவர்க்கு 50 ஏக்கர் நிலம் கிடைத்தது. வறிய ஆங்கில இளைஞர் பயணச் செலவுக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை உழைக்க ஒப்பந்தமாயினர். அவ்வொப்பந்தங்கள் கைமாற்றி விற்கப்பட்டன. தவணை முடியுமுன்னரே பலர் மாண்டனர்.

1619 ஜூலை இறுதியில் மக்கட் பிரதிநிதிகள் சபை முதன்முறையாகக் கூடியது. அடுத்த மாதமே இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆபிரிக்கர் அங்கு கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டனர். அவர்களது நிலை தொடக்கத்திற் சட்டத்தால் வரையறுக்கப்படவில்லை. சிலர் விடுதலையும் பெற்றனர். 1640 இல் தப்பியோடிப் பிடிபட்ட மூன்று பணியாளருள், ஐரோப்பியர் இருவருக்குப் பணிக்காலம் நான்கு ஆண்டுகள் நீடிக்கப்பட்டது. ஜோன் பஞ்ச் என்ற ஆபிரிக்கருக்கோ வாழ்நாள் முழுவதும் அடிமைப்பணி விதிக்கப்பட்டது. குற்றம் ஒன்று, தண்டனை நிறத்தால் வேறுபட்டது. தாயின் நிலையே பிள்ளைக்கும் உரியது என்ற 1662 ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்தைப் பரம்பரையாக்கியது. விடுதலை பெற்ற வறிய வெள்ளையரும் அடிமைகளும் இணைந்து நின்ற 1676 ஆம் ஆண்டுப் பேக்கன் கிளர்ச்சியின் பின், ஆபிரிக்க அடிமைகளையே தோட்ட முதலாளிகள் மேன்மேலும் நாடினர்.

அமெரிக்கச் சுதந்திரமும் அடிமைத்தனமும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தன என்பதை வரலாற்றாசிரியர் எட்மண்ட் மோர்கன் 1975 இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். வேர்ஜினியாவின் வரலாறு இக்கூற்றுக்குச் சான்றாகின்றது. சபையில் அமர்ந்து சட்டம் இயற்றியோரின் ஓய்வும் செல்வமும் பிறரது கட்டாய உழைப்பினின்றும் பிறந்தவை. அவ்வடிமைமுறை 1865 வரை நீடித்தது. ஆகவே, ஆரம்பக் குடியேற்றங்களை ஆராய்வோர், அங்கு யார் வாக்களித்தனர் என்பதோடு, வயலில் யார் உழைத்தனர் என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.