கருவியின் தன்னிரைச்சலும் சாரஸ்-3 ஆய்வும்

ஓர் அளவுக்கருவி, வெளியிலிருந்து வரும் குறிப்பலையோடு தன்னுள்ளேயே தோன்றும் மின்குறுக்கீட்டையும் சேர்த்துக் காட்டுவது தன்னிரைச்சல் எனப்படும்.

கல்லூரி ஆய்வகத்து அலைவுகாட்டியில் (ஆசிலாஸ்கோப்) இதைக் காணலாம். சோதனை முனையை அதன் தரைக் கவ்வியோடு சேர்த்துவிட்டால் திரையில் நேர்கோடுதான் தெரிய வேண்டும். அப்போதும் கூரிய துடிப்புகள் தெரிந்தால், சோதிக்கும் மின்சுற்றின் மீது பழிபோட முடியாது. அறையிலுள்ள விளக்குகளையும் பிற கருவிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எல்லாம் நின்ற பிறகும் துடிப்பு மாறாவிட்டால், பெரும்பாலும் அலைவுகாட்டியின் சொந்த மின்வழங்கியே காரணம். பழைய மின்மாற்றி வகையில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் முனகல் வரும். எஸ்.எம்.பி.எஸ். வகையோ நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்துவதால், அதன் இரைச்சல் மெகாஹெர்ட்ஸ் எல்லை வரை பரவும்.

ஆய்வக மேசையில் இது சிறு தொல்லை. வானொலி வானியலில் இதுவே ஒரு கண்டுபிடிப்பின் தலையெழுத்தாகிவிடும். அமெரிக்காவில் 1964-இல் பென்சியாசும் வில்சனும் தங்கள் அலைவாங்கியில் கேட்ட இரைச்சலுக்குப் புறா எச்சத்தைக்கூடச் சந்தேகித்துக் கழுவிப் பார்த்தனர். இரைச்சல் போகவில்லை. அது பேரண்டப் பின்னணிக் கதிர்வீச்சு!

2018-இல் நிலைமை வேறு. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் அமைந்த எட்ஜஸ் கருவி, முதல் விண்மீன்கள் தோன்றிய காலத்தின் தடயம் 78 மெகாஹெர்ட்ஸ் அருகே கிடைத்ததாக அறிவித்தது. எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கு மேல் ஆழமான தடயம் அது. உண்மையானால் இயற்பியலையே திருத்த வேண்டியிருக்கும். ஆனால் அதன் அளவு அரை கெல்வின்தான்; அதே அதிர்வெண்ணில் வானத்தின் பின்னணி இரைச்சல் ஆயிரம் கெல்வினைத் தாண்டும். கருவியின் சிறு பிழையும் இப்படித் தோன்றலாம்.

இதைச் சரிபார்க்க முனைந்தது பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி. வி. இராமன் 1948-இல் தொடங்கியது அது. அங்கு உருவான சாரஸ்-3 கருவியில் ஐயத்துக்குரிய ஒவ்வொன்றும் விலக்கப்பட்டது. அலைவாங்கிக்கு அடியிலிருந்த மின்னணுப் பகுதி மின்கலத்தில் இயங்கியது. இரைச்சல் எழுப்பும் எண்முறைப் பகுதியைத் தொலைவில் வைத்து, இரண்டையும் ஒளியிழையால் இணைத்தனர். செம்புக் கம்பியானால் அதன் வழியே இரைச்சல் திரும்பி வந்துவிடும். குறிப்பலையை மாற்றி மாற்றித் திருப்பி, இரு அளவீடுகளையும் கழித்ததில் எஞ்சிய உள்ளிரைச்சலும் நீங்கியது.

மிச்சமிருந்தது தரை. மண், பாறை, ஈரம் எனப் பல அடுக்குகளில் எதிரொளிக்கும் அலைகள் அலைமாலையில் பொய் நெளிவுகளைத் தரும். சீரான நீர்ப்பரப்பில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே 2020 தொடக்கத்தில் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணை நீரிலும் கருவியை மிதக்கவிட்டனர்.

முடிவு 2022 பிப்ரவரி 28 அன்று, இராமன் விளைவை நினைவுகூரும் தேசிய அறிவியல் நாளில், நேச்சர் அஸ்ட்ரானமி இதழில் வெளிவந்தது. எட்ஜஸ் காட்டிய வடிவம் சாரஸ்-3 பதிவுகளில் இல்லை, 95.3 விழுக்காடு உறுதியுடன் அது மறுக்கப்பட்டது.