மீண்டும் ஏறிய நுகம்



அடக்கி ஆளுதல் என்னும் பொருள்தரும் ‘சப்ஜுகேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பலரும் அறிவர். அதன் முன்னே ‘ரீ’ என்ற ஒட்டினைச் சேர்த்து ‘ரீசப்ஜுகேட்’ என வழங்குவது அருமை. ஒருமுறை விடுபட்டவரை மறுபடியும் அடிமைப்படுத்துதல் என்பதே அதன் பொருள்.

இலத்தீன் மொழியில் ‘சுப்’ என்பது கீழ். ‘யூகும்’ என்பது நுகம். ஆகவே, நுகத்தின் கீழ்ப் படுத்துதல் என்பதே மூலக் கருத்து. இது வெறும் உவமையன்று. கி.மு. 321ஆம் ஆண்டில் சாம்னியரிடம் மலைக்கணவாயில் அகப்பட்ட உரோமப் படையினர், ஈட்டிகளால் அமைத்த நுகத்தின் கீழே குனிந்து செல்லுமாறு பணிக்கப்பட்டனர். உயிர் பிழைத்தது, மானம் போயிற்று.

ஒருமுறை களைந்த நுகத்தை மீண்டும் ஏற்றுவது எத்தகைய கொடுமை? மேற்கிந்தியத் தீவாகிய குவாதலூப்பின் வரலாறு இதற்கு விடை கூறும். 1794 பெப்ரவரி 4இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. குவாதலூப்பின் கரும்புத் தோட்டங்களில் கட்டாய உழைப்பு நீடித்ததாயினும், மனிதனைச் சந்தையில் விற்கும் உரிமை அற்றுப்போயிற்று. பிள்ளைகள் அடிமைகளாகப் பிறக்கவில்லை.

இந்நிலை எட்டாண்டுகளே நிலைத்தது. 1802இல் நெப்போலியன் அனுப்பிய படை அத்தீவில் இறங்கிற்று. பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாயிருந்த லூயி தெல்கிரெஸ் அதனை எதிர்த்து நின்றார். மே 28இல், மத்தூபா என்னுமிடத்தில் சூழப்பட்டபோது, அவரும் தோழர்களும் வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டனர். யூலையில் அடிமை முறை ஆணையினால் மீட்கப்பட்டது. அது மறுபடியும் ஒழிய 1848 வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் சென்றன.

ஆயினும் அச்செய்தி அயலிலுள்ள சான் தொமிங்கோவுக்கு எட்டியதும், பிரெஞ்சுப் படையோடு இணைந்திருந்த கறுப்புத் தளபதிகள் தமக்கும் இதுவே கதியென உணர்ந்து எதிரணி சேர்ந்தனர். 1804 சனவரி முதலாந் திகதி, அந்நாடு எயிட்டி என்ற பெயருடன் சுதந்திரம் பெற்றது.

முதல் நுகத்தைச் சுமந்தோரிற் பலர் அதனுடனேயே பிறந்தவர். இரண்டாம் நுகமோ, நிமிர்ந்து நடந்து பழகிய கழுத்தின்மேல் ஏறுவது. ஆணையினால் வந்த விடுதலையை இன்னோர் ஆணையினாற் பறிக்க முடிந்தது. விடுதலையின் சுவையை அறிந்த நினைவை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை. ‘ரீ’ என்னும் அச்சிற்றொட்டினுள் இவ்வளவு துயரமும் அடங்கியுள்ளது.