தொண்டமானும் தோட்டத்துக் கணக்கும்

மலையக அரசியலைப் பேசப் புகுவோர் சௌமியமூர்த்தி தொண்டமானை ஒதுக்கிவிட்டுப் பேச இயலாது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் நுவரெலியாத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்த அவர், 1999 ஒக்டோபர் 30ஆம் திகதி காலமானபோது அமைச்சராகவே இருந்தார். இடையில் ஆசனமின்றி வெளியே நின்ற ஆண்டுகளும் உண்டு. அந்த 1947ஆம் ஆண்டில் காங்கிரஸ் பெற்ற ஏழு ஆசனங்களே ஆட்சியாளரை அச்சுறுத்தின. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. 1960இல் அவர் மீண்டும் சபைக்கு வந்தது நியமன உறுப்பினராகத்தான்.

ஆயினும் அவரது அரசியல் வாழ்வில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி 1978இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அவர் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். அப்போது தோட்டங்களின் முதலாளி யார்? 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின் பின்னர் ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும், அதாவது அரசாங்கமே. அமைச்சரவை மேசையில் முதலாளியின் பக்கம் அமர்ந்தவரே தொழிற்சங்கத் தலைவராகத் தொழிலாளியின் பக்கமும் நின்றார். வரவுசெலவுத் திட்டத்துக்குக் கையுயர்த்திய அதே கை வேலைநிறுத்தத்துக்கும் கட்டளையிட்டது. 1984 ஏப்ரலில் தோட்டங்கள் ஸ்தம்பித்தன. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம் என்ற பழைய அநீதி அப்போராட்டத்தினால் ஒழிந்தது. இத்தகைய இரட்டைப் பொறுப்பைக் கோட்பாட்டளவில் நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அன்று அது பலன் தந்ததை மறுப்பதற்குமில்லை.

பலன் தராத இடமும் ஒன்றுண்டு. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து தோட்டக் கந்தோர் சங்கச் சந்தாவையும் கழித்தது, ஊழியர் சேமலாப நிதிக்கான பங்கையும் கழித்தது. சந்தா சங்கத்தைச் சென்றடைந்தது. அரச நிர்வாகத்திலிருந்த தோட்டங்கள் பலவற்றில் சேமலாப நிதியோ நிலுவையாகத் தேங்கியது, பணிக்கொடையும் அவ்வாறே. முதுமையில் லயத்து அறையை மட்டுமே உடைமையாகக் கொண்டவருக்கு அந்தத் தொகை எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பொதுப் பணத்தின் மீதான முழுக் கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு. அரசாங்க கணக்குகள் பற்றிய குழு 1921இலிருந்தே இயங்குகிறது. அரச கூட்டுத்தாபனங்களை விசாரிக்கும் கோப் குழு 1979இல் அமைந்தது. அதிகாரிகளை அழைத்து ஏடுகளைப் புரட்டவும் அறிக்கை சமர்ப்பிக்கவும் இக்குழுக்களால் முடியும், தண்டிக்க முடியாது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பெரும்பாலும் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின்னர், அங்கெல்லாம் நிலுவையைத் துரத்தும் வேலை தொழில் திணைக்களத்துக்கும் நீதவான் நீதிமன்றங்களுக்கும் உரியதாயிற்று. மலையக உறுப்பினர்கள் அமைச்சுப் பதவிக்குக் காட்டிய ஆர்வத்தை இத்தகைய கணக்குக் குழுக்களில் காட்டினார்களா என்ற கேள்வியைத் தொண்டமானின் வாரிசுகளிடம் மட்டுமன்றி, அவரை எதிர்த்து எழுந்த கட்சிகளிடமும் நாம் கேட்கிறோம்.